கரண்டு வரும் வழி: மதுரையிலிருந்து மலைக்கும் பொட்டலுக்கும்

வெள்ளி, மதுரை

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தாய்மாமா. மின்வாரியத்தில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதில் பெரும்பகுதி தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில். அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தாலே சாப்பாடு ஆறிவிடும். "கரண்டு எங்கிருந்து வருதுன்னு ஒருநாளாவது போய்ப் பாத்திருக்கியா மாப்ள?" என்று போன மாதம் கேட்டார். சரி, அவரையே கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். மதுரையைச் சுற்றிக் கரண்டு தயாராகும் இடங்களையும், அதை ஒட்டித் தகராறு நடந்த இடங்களையும் பார்ப்பது, ராத்திரி தங்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதுவது. கூடங்குளம் இந்தத் தடவை இல்லை.

முதலில் கே.புதூர் சிட்கோவில் மாமாவுக்குத் தெரிந்த லேத் பட்டறை. உற்பத்தியாகும் இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செலவாகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. பட்டறைக்காரர் ஒரு ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தார். இரும்புச் சுருள் நீலம் பாரித்து நெளிந்து விழுந்துகொண்டிருந்தது. 2012 மின்வெட்டு பற்றிக் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டார்.

"அதை ஏன் கேக்குறீங்க. கரண்டு போறது கூடப் பரவாயில்ல தம்பி. ஓடிக்கிட்டு இருக்கும்போது போகும் பாருங்க, டூல் ஜாப்புக்குள்ள கடிச்சுக்கிட்டு நின்னுரும். டிப்பு உடைஞ்சிரும், ஜாப்பு ஸ்கிராப்பு. டீசல் போட்டு ஓட்டுனா கூலிக்கே கட்டல. பையன்களை ராத்திரி ரெண்டு மணிக்கு வரச் சொல்லிருக்கேன், கரண்டு இருக்குன்னு."

மதுரைக்காரர்களுக்கு இது பழங்கதை இல்லை. சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு என்றால் இங்கே 12 மணி நேரத்துக்கு மேல் போன நாட்கள் உண்டு. கூடங்குளம் வந்தால் தீர்ந்துவிடும் என்று ஊரெல்லாம் நம்பியது அப்போதுதான். அந்த நேரத்து அரசியலையும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். மக்களின் அச்சம் தீரும் வரை வேலையை நிறுத்துங்கள் என்று தமிழக அமைச்சரவை 2011 செப்டம்பரில் தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாளே, மார்ச் 19 அன்று, அதே அமைச்சரவை உலையைத் திறக்கலாம் என்றது. ஆறு மாதத்தில் அச்சம் தீர்ந்துவிட்டதா என்று, உலையை எதிர்த்துப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த கடலோர ஊரான இடிந்தகரையில் யாரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை.

"உங்க ஓட்டு எதுக்கு?" என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். "எனக்கு எதுலருந்து வந்தா என்ன, கரண்டு நிக்கக் கூடாது" என்றார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு ஒரு ஓட்டு விழுந்துவிட்ட பெருமை.

சனி, பொட்டிப்புரம்

ஆரப்பாளையத்தில் தேனி பஸ். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறி இறங்கியதும் ஆடிக்காற்று ஜன்னல் வழியே முகத்தில் அறைகிறது. தூரத்தில் காற்றாலைகள். "இப்ப சுத்துது. தையில வந்து பாரு" என்றார் மாமா. அது உண்மைதான். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை தமிழ்நாட்டுக் காற்றாலைகள் சேர்ந்து 5,000 மெகாவாட்டைத் தாண்டும் நாட்கள் உண்டு. பனிக்காலம் வந்தால் அதே இறக்கைகள் சும்மா நிற்கும்.

தேனியிலிருந்து போடி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பொட்டிப்புரம். ஊருக்குப் பின்னால் அம்பரப்பர் மலை. மரம் அதிகம் இல்லாத வெறும் பாறை, அடிவாரத்தில் ஆடுமாடு மேயும் கரடு. இந்த மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, உள்ளே 50,000 டன் காந்த இரும்பு வைத்து நியூட்ரினோ என்ற துகளை ஆராய்வதுதான் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதே வருஷம் வைகோ வழக்குப் போட, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2018-ல் மத்திய அரசு மறுபடி கொடுத்தது, 2022-ல் தமிழக அரசு அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மலை அப்படியே இருக்கிறது.

நியூட்ரினோவுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. அது சூரியனிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வந்து நம் உடம்பைத் துளைத்துக்கொண்டு ஒவ்வொரு நொடியும் போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றும் செய்வதில்லை. விஞ்ஞானிகள் இதை ஊருக்குள் வந்து எடுத்துச் சொல்லவும் செய்தார்கள். ஆனாலும் டீக்கடைப் பெஞ்சில் இருந்த ஒரு பாட்டி என்னிடம் சொன்னது வேறு.

"சும்மா பாக்குறதுக்கு எவனாவது மலையைக் குடைவானாய்யா? குடைஞ்சு வச்சா கூடங்குளத்துக் கழிவைக் கொண்டாந்து கொட்டுவாய்ங்க. எங்க காட்டுல தண்ணி எடுத்து, எங்க மலையிலயே குப்பை."

மாமா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் பாட்டியின் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை 1965-ல் முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று நம் பக்கத்துக் கோலார் தங்கவயல். 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விக்கு மத்திய அரசுத் தரப்பிலிருந்து வந்த ஊர்ப்பெயரும் அதே கோலார்தான். அங்கே மக்கள் தெருவுக்கு வந்ததும், அப்படி ஒரு எண்ணமே இல்லை என்று பின்வாங்கினார்கள். நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் பணம் கொடுக்கும் துறைகளில் ஒன்று அணுசக்தித் துறை. இதையெல்லாம் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிற யாருக்கும், இயற்பியல் பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாட்டிக்கு வந்த கேள்விதான் வரும்.

என் கணக்கில் அந்த ஆய்வகம் வந்திருந்தால் ஒரு ஆபத்தும் இல்லை. மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கிடைத்திருக்கும், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் பாட்டி ஏமாளி என்று சொல்ல வாய் வரவில்லை. கூடங்குளத்தில் எரிந்து முடிந்த எரிபொருள் இன்றுவரை உலைக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில்தான் கிடக்கிறது. அதைத் தள்ளி வைக்கத் தனிக் கிடங்கு 5 வருஷத்துக்குள் கட்ட வேண்டும் என்று 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 5 வருஷம் ஆனதும் இன்னும் அவகாசம் கேட்டு வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் கதிர்வீசும் கழிவை நிரந்தரமாகப் புதைக்க நாட்டில் இடம் எதுவும் இன்னும் இல்லை.

"அமெரிக்காக்காரனுக்கே இல்ல" என்றார் மாமா. அதுவும் சரிதான்.

ஞாயிறு, லோயர் கேம்ப் - குமுளி

கம்பம், கூடலூர் தாண்டினால் லோயர் கேம்ப். இரண்டு பக்கமும் நெல் வயலும் திராட்சைப் பந்தலும். மலைமேலிருந்து பெரிய இரும்புக் குழாய்கள் நாலு இறங்கி மின்நிலையத்துக்குள் போகின்றன. குமுளி ரோடு அந்தக் குழாய்களை ஒட்டித்தான் வளைந்து ஏறுகிறது. மாமா ரோட்டோரம் நின்று ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாம்பல் இல்ல, புகை இல்ல, கப்பல்ல கரி வரணும்னு காத்துக்கிடக்க வேணாம்" என்றார். தூத்துக்குடியில் மாமா குடியிருந்த காலத்தில் அத்தை காயப்போட்ட வெள்ளை வேட்டியில் மாலைக்குள் சாம்பல் படிந்துவிடுமாம். மறுபடி துவைக்காமல் அந்த வேட்டியைக் கட்டியதே இல்லை என்றார். அவர் அணுமின்சாரத்தை ஆதரிப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. உலையை விரும்பி வந்தவர் இல்லை, நிலக்கரியில் முப்பது வருஷம் இருந்து வெறுத்து வந்தவர்.

பெரியாறு மின்நிலையம் 1950களின் பிற்பகுதியில் ஓட ஆரம்பித்தது. 35 மெகாவாட் வீதம் நாலு இயந்திரம், மொத்தம் 140. பிறகு புதுப்பித்துக் கொஞ்சம் கூட்டினார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால் கரண்டும் வரும், திறக்காவிட்டால் வராது. கூடங்குளத்தின் ஒரு உலை 1,000 மெகாவாட், அதாவது இந்த மாதிரி ஏழு மின்நிலையம், அதுவும் ராப்பகல் பாராமல். அந்தக் கணக்கை மாமா இரண்டு தடவை சொன்னார். உலை முதல் சில வருஷம் அடிக்கடி நின்று நின்று ஓடியதை நான் ஒரு தடவை சொன்னேன்.

பென்னிகுயிக் மணிமண்டபத்தில் கூட்டம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலைக்கு மாலை போடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பையன்களுக்கு அவர் பெயர் வைப்பது சாதாரணம். 1895-ல் அவர் கட்டிய முல்லைப்பெரியாறு அணை மேற்கே போன ஆற்றைத் திருப்பியதால்தான் மதுரையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அணையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்குச் சுருக்கென்று வருவது இயல்பு.

குமுளியில் டீ குடிக்கும்போது பக்கத்தில் ஒரு ஜீப் டிரைவர். வண்டிப்பெரியாறு. கேரளத்தில், அணைக்குக் கீழே ஆற்றோரத்து ஊர். நல்ல தமிழ் பேசினார்.

"எங்க தாத்தா கம்பத்துல இருந்து தோட்ட வேலைக்கு வந்தவருண்ணே. நானும் தமிழன்தான். ஆனா கார்த்திகையில மழை அடிச்சா ராத்திரி தூக்கம் வராது. 136 அடி ஆச்சுன்னா முதல் எச்சரிக்கை, 138, 140. மொபைல்ல பாத்துக்கிட்டே கிடப்போம். நீங்க குடிக்கிற தண்ணி எங்க தலைக்கு மேல நிக்குதுண்ணே."

மாமா விடவில்லை. "அணை பலமா இருக்குன்னு கோர்ட்டு போட்ட ஆனந்த் கமிட்டி சொல்லிருச்சு. 142 அடி தேக்கலாம்னு கோர்ட்டே சொல்லிருச்சு. பிறகென்ன பயம்?"

"கமிட்டி எங்க ஊருல வந்தா தூங்குது?" என்றார் டிரைவர், சிரித்துக்கொண்டேதான்.

அதன்பிறகு மாமா அதிகம் பேசவில்லை. எனக்கோ 2011 டிசம்பர் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மாதம் அணைப் பிரச்சினைக்காகக் கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் குமுளி ரோட்டில் திரண்டார்கள். மதுரை டீக்கடைகளில் எல்லாம் ஒரே குரல்: நிபுணர்கள் சொன்ன பிறகும் கேரளத்தார் ஏன் பீதியைக் கிளப்புகிறார்கள்? அதே மாதம் இடிந்தகரைப் பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்துல் கலாம் நவம்பர் 6 அன்று கூடங்குளம் போய்ப் பார்த்து, உலை பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நம்மவரே சொன்ன பிறகும் அவர்கள் கேட்கவில்லை. ஜப்பானில் ஃபுக்குஷிமா அணு உலை வெடித்து அப்போது ஒரு வருஷம் கூட ஆகவில்லை. வண்டிப்பெரியாற்றுக்காரர் இன்று கேட்டதும் இடிந்தகரை அன்று கேட்டதும் ஒரே கேள்விதான். ஒன்றுக்கு நாம் நிபுணர் பக்கம், இன்னொன்றுக்குப் பயந்தவர் பக்கம். எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே ஆட்கள் கொடி பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

கூடங்குளம் தீர்ப்பு 2013 மே 6, முல்லைப்பெரியாறு தீர்ப்பு 2014 மே 7. இரண்டிலும் பாதுகாப்பு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் மலை இறங்கும்போது யோசித்ததில் ஒரு வித்தியாசம் தெரிந்தது, அதை எழுதியே ஆக வேண்டும். அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கியூசெக் (நொடிக்கு இத்தனை கன அடி), திறப்பு எவ்வளவு என்று தினமும் காலைப் பேப்பரில் வருகிறது. டிரைவர் மொபைலில் பார்க்கிறார், தேனி விவசாயியும் பார்க்கிறார். பயப்படுகிறவனுக்கும் பயப்படாதவனுக்கும் ஒரே எண். உலையில் அப்படி எதுவும் இல்லை. கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடச் சொல்லி 2012-ல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட்டது. அணுமின் கழகம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. 2019 அக்டோபரில் கூடங்குளம் கணினியில் வைரஸ் என்று செய்தி கசிந்தபோது முதல் நாள் மறுத்தார்கள், மறுநாள் நிர்வாகக் கணினி ஒன்றில் இருந்தது உண்மைதான் என்றார்கள். உலையை இயக்கும் கணினியில் இல்லை என்பதை நான் நம்புகிறேன். முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் நிறையப் பேர் நம்பியிருப்பார்கள்.

"உலையோட எண்ணெல்லாம் பேப்பர்ல போட்டா ஜனங்களுக்கு என்ன புரியும்?" என்றார் மாமா, கூடலூர் வந்ததும்.

"கியூசெக்னா என்னன்னு புரிஞ்சுக்கலையா மாமா?"

பதில் இல்லை. ரோட்டோரக் கடையில் பன்னீர் திராட்சை ஒரு கிலோ வாங்கி என் மடியில் வைத்தார்.

திங்கள், கம்பம்

மாமாவுக்கு முழங்கால் வலி. ஓய்வு. விடுதியில் மத்தியானம் ஒரு மணி நேரம் கரண்டு இல்லை, மாதாந்திரப் பராமரிப்பாம்.

செவ்வாய், கமுதி

அதிகாலையில் கம்பத்தில் ஏறி, மதுரையில் இறங்கி, அருப்புக்கோட்டை வழியாகக் கமுதி சேர மத்தியானம் ஆகிவிட்டது. பச்சை முடிந்து சீமைக்கருவேலம் ஆரம்பிக்கிறது. செங்கப்படைப் பக்கம் போனால் கருவேலமும் முடிந்து, கண்ணுக்கு எட்டின தூரம் கண்ணாடித் தகடு. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், ஏறக்குறைய 25 லட்சம் தகடு. 2016-ல் திறந்தபோது ஒரே இடத்தில் இருப்பதில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. எட்டு மாதத்தில் கட்டி முடித்ததாகச் சொல்வார்கள்.

அந்த எட்டு மாதத்தை நான் பிடித்துக்கொண்டேன். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1988. முதல் கரண்டு வந்தது 2013. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) வேலை 2004-ல் ஆரம்பித்து, உலையின் மையப்பகுதியை நிரப்பத் தொடங்கியதே 2024-ல். இந்த வேகத்தில் 2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அறிவித்த அன்று நாடு முழுக்க இருந்தது சுமார் 8,000. நாட்டு மின்சாரத்தில் அணுவின் பங்கு நூற்றுக்கு மூன்றுதான்.

மாமா அமைதியாகக் கேட்டுவிட்டு, வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் போனார். "அண்ணே, ராத்திரி இங்க எத்தனை பேரு வேலை?"

"ராத்திரி என்ன வேலை? வாச்மேன்தேன்."

"கேட்டுக்கிட்டியா மாப்ள" என்று திரும்பினார். அவர் கணக்கு இது: 648 என்பது உச்சி வெயிலுக்கு. ராத்திரி, மேகம், காலை மாலை எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு தேறும். தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வீடு லைட்டு, ஃபேன், ஏசி, டிவி போடும்போது இந்தத் தகடு எல்லாம் தூங்கிவிடும். அப்போது எரிவது தூத்துக்குடி கரி. ஜெர்மனிக்காரன் 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலையையும் மூடினான், கரியை மூடினானா?

நான் காடம்பாறையைச் சொன்னேன். 400 மெகாவாட், வேண்டாத நேரத்துக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டிய நேரத்தில் இறக்கும் நிலையம், 1980களிலேயே நம் வாரியம் கட்டியது. அதைப் போல இன்னும் பத்து கட்டலாமே. "கட்டலாம். எங்க? எந்த மலையில? பொட்டிப்புரத்துலயா?" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நட்ட ஈட்டுக்கு வந்து நின்றோம். 2010 சட்டப்படி விபத்து நடந்தால் உலை நடத்துபவரின் பொறுப்பு 1,500 கோடி ரூபாய்க்குள் என்று வைத்திருந்தார்கள். பழுதான உபகரணம் கொடுத்த கம்பெனி மீது திரும்பப் பாயவும் அந்தச் சட்டத்தில் வழி வைத்திருந்தார்கள், போபால் அனுபவத்தில். 2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டம் அந்த வழியைச் சுருக்கிவிட்டது, தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. உலை அவ்வளவு பாதுகாப்பு என்றால் உபகரணம் விற்பவர் ஏன் பொறுப்பேற்கத் தயங்க வேண்டும் என்று கேட்டேன்.

"அது அநியாயந்தான்" என்றார் மாமா. இந்தப் பயணத்தில் அவர் விட்டுக்கொடுத்தது இது ஒன்று. பதிலுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் உலையை நாளைக்கே மூடு என்று நான் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். புதிதாக ஒன்று கட்டுவதற்கு முன் அந்தப் பாதுகாப்பு அறிக்கை வெளியே வர வேண்டும், கழிவுக்கு இடம் சொல்ல வேண்டும், அணை நீர்மட்டம் போலத் தினமும் ஒரு எண் பேப்பரில் வர வேண்டும். இதில் நான் இறங்குவதாக இல்லை.

அடுத்தது கூடங்குளம். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வாங்க முடியுமா என்று மாமா பழைய சகாக்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். முதலில் உலை, பிறகு இடிந்தகரை என்கிறார் அவர். இடிந்தகரையில் நாலு பேரிடம் பேசிவிட்டு உலைக்குப் போனால்தான் அங்கே என்ன கேட்பது என்று தெரியும் என்கிறேன் நான். தேதி முடிவானதும் எழுதுகிறேன்.